இரு முனைகளின் உடன்பாடு: பெங்களூரின் கல்வி வலையமைப்பும் டூப்ளெக்ஸ் அமைப்பின் வரலாறும்

இந்தியாவில் இணையத்தின் வரலாறு பெரும்பாலும் மூன்று ஆண்டுகளைச் சுற்றியே எழுதப்படுகிறது. 1986-இல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் எர்னெட் திட்டம் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அரசு 5,990 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. இம்மூன்றும் வெளியிணைப்பின் வரலாறு: நகரையும் நகரையும், நாட்டையும் நாட்டையும் சேர்த்த கம்பிகளின், செயற்கைக்கோள்களின் கதை. ஆய்வகச் சுவரிலுள்ள துளையிலிருந்து தாழ்வாரத்துச் சுவிட்ச் வரை செல்லும், நூறு மீட்டருக்கு மிகாத செப்புக்கம்பியின் வரலாறு அரிதாகவே எழுதப்படுகிறது. வெளியிணைப்பு எவ்வளவு பெரிதானாலும், ஆராய்ச்சியாளரின் மேசையை அடையும் கடைசிப் பாதை அந்தக் கம்பிதான்.

அக்கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு செய்திகள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று வேகம், மற்றொன்று டூப்ளெக்ஸ், அதாவது ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் கூடுமா, அல்லது ஒன்று முடிந்த பிறகே மற்றொன்றா என்னும் ஏற்பாடு. சுவிட்சின் அமைப்புக் கோப்பில் இவை இரண்டே வரிகள். அவ்வரிகளுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. பற்றாக்குறைக் காலத்தில் உருவான ஒரு தற்காப்புப் பழக்கம், அதன் காரணம் மறைந்த பிறகும் விதியாக நிலைத்து, வளம் வந்த காலத்தில் எவ்வாறு தடையாக மாறியது என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. இந்தியாவின் முதல் கல்வி வலையமைப்பில் தொடக்கம் முதலே இடம்பெற்ற பெங்களூர், இதை எண்ணிப் பார்க்க மிகப் பொருத்தமான நகரம்.

டூப்ளெக்ஸ் என்ற சொல் கணினியை விட மூத்தது. ஒரே கம்பியில் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறையை 1853-இல் ஆஸ்திரியாவின் வில்ஹெல்ம் கின்டில் முயன்றார். 1872-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜோசப் ஸ்டேர்ன்ஸ் அதை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அது இந்தியாவில் ஆய்வுப்பொருளாகியிருந்தது. இந்தியத் தந்தித் துறையில் மின்னியலாளராகப் பணியாற்றிய ஜெர்மானியர் லூயி ஷ்வெண்ட்லர், டூப்ளெக்ஸ் தந்தியின் பொதுக் கோட்பாட்டை 1874-இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். கல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக் காட்சிசாலை உருவாவதற்கும் காரணமாக இருந்தவர் அவர்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கலைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ஒரு நிலையம் அனுப்பும் மின்னோட்டம் அதே நிலையத்தின் ஏற்புக்கருவியையும் அசைத்துவிடும். தன் குரலே தன் காதில் பெரிதாக ஒலிக்கும்போது எதிரிலிருப்பவரின் குரலைக் கேட்க முடியாது. உண்மையான கம்பிக்கு இணையான மின்தடையும் மின்தேக்கமும் கொண்ட ஒரு செயற்கைக் கம்பியை நிலையத்துக்குள்ளேயே அமைத்து, தன் ஓட்டம் தன் ஏற்புக்கருவியில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளுமாறு செய்வதே தீர்வு. ஆனால் மழைக்காலத்தில் கம்பியின் காப்பு குறையும், சமநிலை குலையும், மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். அதாவது, டூப்ளெக்ஸ் என்பது ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளாகத் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. இரு முனைகளிலும் விழிப்புள்ள பணியாளர்கள் காத்துவந்த சமநிலை அது.

கணினி வலையமைப்பு பிறந்தபோது இந்த இருவழி வசதி கைவிடப்பட்டது. 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஈதர்நெட், எல்லாக் கணினிகளையும் ஒரே தண்டுக்கம்பியில் கோத்தது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இருவர் ஒரே சமயத்தில் பேசிவிட்டால் மோதல். இருவரும் நிறுத்தி, தற்செயலாகத் தேர்ந்த சிறு இடைவெளிக்குப் பின் மீண்டும் முயல வேண்டும். இதுவே அரை டூப்ளெக்ஸ். 1983-இல் ஐஇஇஇ அமைப்பு ஏற்ற 802.3 தரநிலையில் இந்த ஒழுங்கு நுட்பமாக வரையறுக்கப்பட்டது. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் முதல் 512 பிட்டுகள், அதாவது 51.2 மைக்ரோநொடிக்குள் மோதல் நிகழ்ந்தால் அது இயல்பு. அதன் பிறகு நிகழ்ந்தால், அது தாமத மோதல். வலையமைப்பில் ஏதோ கோளாறு என்பதன் அறிகுறி.

1990-இல் முறுக்கிய இணைக்கம்பிகளுக்கான தரநிலை வந்தபோது ஒரு விந்தையான நிலை தோன்றியது. அனுப்புவதற்கு ஓர் இணை, பெறுவதற்கு வேறோர் இணை எனக் கம்பியே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதை இரட்டைவழியாகிவிட்டது, போக்குவரத்து விதி மட்டும் ஒற்றைவழியாகவே நீடித்தது. அதே காலத்தில் இந்திய வம்சாவளித் தொழில்முனைவோர் வினோத் பரத்வாஜ் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் முதல் ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தம் மனைவி கல்பனாவின் பெயரையே அவர் நிறுவனத்துக்கு இட்டிருந்தார். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரே ஒரு கணினி இருக்கும்போது மோதலுக்கே இடமில்லை. ஆகவே, பழைய விதியைத் தளர்த்தி, இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் பேச விடலாம். இந்த முழு டூப்ளெக்ஸ் முறை 1997-இல் 802.3எக்ஸ் என்ற திருத்தத்தின் வழியே தரநிலைக்குள் வந்தது.

இதே ஆண்டுகளில் பெங்களூரின் நிலை என்ன? மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியுடன் தொடங்கிய எர்னெட்டில் எட்டு நிறுவனங்கள் இருந்தன: பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பம்பாய், டெல்லி, கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து இடங்களிலிருந்த ஐஐடிகள், புது டெல்லியிலிருந்த மின்னணுவியல் துறை. அறிவியல் கழகத்தில் இத்திட்டத்தை 1988 முதல் 2003 வரை ஒருங்கிணைத்தவர் பேராசிரியர் அனுராக் குமார். பின்னாளில், 2014 முதல் 2020 வரை, அவரே கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

1990-இல் எர்னெட்டுக்கு 144.16 எனத் தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. அதில் 65,536 முகவரிகள். ஆனால் அவற்றைச் சேர்த்த கம்பியின் அளவு வேறு. 1992 அளவில் ஐஐடிகளும் அறிவியல் கழகமும் நொடிக்கு 9.6 கிலோபிட் குத்தகைக் கம்பிகளால் இணைக்கப்பட்டிருந்தன. நாட்டுக்கு வெளியே செல்லும் வாயில், பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற 64 கிலோபிட் இணைப்பு. பின்னர்ச் செயற்கைக்கோள் வழி இணைப்பும் சேர்ந்தது. அதன் மையம் பெங்களூரின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காவில் அமைந்தது.

இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்தால் அக்காலத்தின் உள்நிலை புலப்படும். ஒரு மெகாபைட் கோப்பு, வேறெந்தப் போக்குவரத்தும் இல்லாவிட்டாலும், 9.6 கிலோபிட் கம்பியில் கடக்க ஏறத்தாழ 14 நிமிடம் 30 நொடி ஆகும். 64 கிலோபிட்டில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதே கோப்பு 10 மெகாபிட் வளாகக் கம்பியில் ஒரு நொடிக்குள் சென்றுவிடும். வீட்டுக்குள் இருந்த பாதை, வீட்டை விட்டு வெளியேறும் பாதையைப் போல ஆயிரம் மடங்கு அகலம். அந்நிலையில் வளாகக் கம்பியில் ஏதேனும் பிழை இருந்தால், வெளியுலகத்துடன் தொடர்புகொள்பவருக்கு அது தெரியவே தெரியாது. நொடிக்கு 64 கிலோபிட் வீதம் வரும் தரவு, 100 மெகாபிட் கம்பியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தைக்கூட நிரப்பாது. அனுப்புதலும் பெறுதலும் ஒன்றன்மேல் ஒன்று விழும் வாய்ப்பு மிகக் குறைவு. பற்றாக்குறை, பிழைக்குப் போர்வையாக இருந்தது.

பிழை எப்படி உருவாயிற்று? 1995-இல் 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கான 802.3யு தரநிலை வந்தது. பழைய 10 மெகாபிட் கருவிகளும் புதிய கருவிகளும் ஒரே சுவிட்சில் சேர வேண்டியிருந்ததால், இரு முனைகளும் தத்தம் திறன்களைத் தாமே அறிவித்து, இருவருக்கும் பொதுவான மிகச் சிறந்த நிலையைத் தேர்ந்துகொள்ளும் தானியங்கி உடன்பாட்டு முறை அதில் சேர்க்கப்பட்டது. கம்பியில் தரவு ஓடத் தொடங்கும் முன்னர் இரு முனைகளும் குறுந்துடிப்புக் கொத்துகளை அனுப்பிக்கொள்ளும். எந்த வேகம், எந்த டூப்ளெக்ஸ் என்பது அக்கொத்துகளிலேயே பொதிந்திருக்கும்.

முதல் பதிப்பின் சில பகுதிகள் வெவ்வேறாகப் பொருள்கொள்ள இடம் தந்தன. ஒரு நிறுவனத்தின் அட்டையும் வேறொரு நிறுவனத்தின் சுவிட்சும் சில வேளைகளில் ஒத்துப்போகவில்லை. அந்த ஐயங்கள் 1998-ஆம் ஆண்டின் திருத்தப்பதிப்பில் நீக்கப்பட்டன. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வலையமைப்பு நிர்வாகிகளிடையே ஒரு பாடம் உலகெங்கும் பரவிவிட்டது: தானியங்கி முறையை நம்பாதே, வேகத்தையும் டூப்ளெக்ஸையும் கையால் பூட்டிவிடு. அன்றைய சூழலில் அது பொறுப்புள்ள அறிவுரைதான். இரு முனைகளிலும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே அமைப்பைப் பூட்டினால் எந்தச் சிக்கலும் எழாது.

நிறுவனங்கள் அப்படி இயங்குவதில்லை. சுவிட்ச் கணினி மையத்தின் பொறுப்பு, கணினி துறையின் உடைமை, நிறுவியவர் ஒப்பந்தக்காரர். சுவிட்சின் போர்ட் 100 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ் எனப் பூட்டப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் பழைய கணினி போய்ப் புதியது வரும். அது தானியங்கி முறையில் இருக்கும். பூட்டப்பட்ட போர்ட் பொதுவாகத் தன் திறன்களை அறிவிப்பதில்லை. மௌனத்தை எதிர்கொள்ளும் கணினி, வரும் குறிகையின் வடிவத்திலிருந்து வேகத்தை மட்டும் ஊகித்துக்கொள்ளும். டூப்ளெக்ஸை ஊகிக்க வழியில்லை. அறியாதபோது அரை டூப்ளெக்ஸ் எனக் கொள்ள வேண்டும் என்பது தரநிலையின் விதி. பழைய கருவிகளைக் காக்க எழுதப்பட்ட பணிவான விதி அது. விளைவு: ஒரு முனை பாதையை இரட்டைவழி என நினைக்கிறது, மறுமுனை ஒற்றைவழி என நினைக்கிறது. இருபுறமும் பச்சை விளக்கு எரிகிறது.

இந்த முரண்பாட்டின் தனித்தன்மை, அது இணைப்பைத் துண்டிக்காமல் இருப்பதுதான். நிர்வாகி சோதனைக்காக அனுப்பும் பிங் செய்தி சிறியது, கேள்வி சென்ற பிறகே பதில் வரும், இரண்டும் சந்திப்பதில்லை. ஆகவே சோதனை வெற்றி. பெரிய கோப்பு செல்லும்போதோ, தரவு ஒரு திசையிலும் அதற்கான ஏற்புச் செய்திகள் எதிர்த்திசையிலும் ஒரே நேரத்தில் ஓடும். முழு டூப்ளெக்ஸ் முனை எதையும் கேளாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அரை டூப்ளெக்ஸ் முனை, தான் பேசும்போது எதிரிலிருந்து குரல் வருவதைக் கேட்டு, மோதல் எனக் கொண்டு, பாதியில் நிறுத்திவிடும். அறுபட்ட சட்டகம் மறுமுனைக்குச் சிதைந்த தரவாகப் போய்ச் சேரும், அது கழித்துக்கட்டப்படும். ஒரு முனையின் எண்ணிக்கைப் பதிவில் தாமத மோதல்கள் பெருகும். மறுமுனையில் சரிபார்ப்புப் பிழைகள் பெருகும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே நோய் விளங்கும். ஆனால் இரு பதிவேடுகளும் இரு வேறு அலுவலர்களின் கையில்.

இழப்பு ஏற்பட்டால் டிசிபி என்ன செய்யும் என்பது பெங்களூரிலேயே ஆராயப்பட்ட பொருள். இழப்புள்ள ஓர் இணைப்பைக் கொண்ட உள்ளூர் வலையமைப்பில் டிசிபியின் வெவ்வேறு பதிப்புகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை ஒப்பிட்டு அனுராக் குமார் எழுதிய கட்டுரை 1998-இல் வெளியானது. கம்பியில்லா இணைப்புகளின் இழப்பே அதன் பின்புலம். ஆனால் அடிப்படைப் பாடம் கம்பிக்கும் பொருந்தும்: டிசிபி ஒவ்வோர் இழப்பையும் நெரிசலின் அடையாளமாகக் கொண்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இழப்பு நெரிசலால் வந்ததா, கம்பியின் இரு முனைகளும் முரண்பட்டதால் வந்ததா என்று அதற்குத் தெரியாது.

தொலைவு கூடக்கூட இந்தக் குறைப்பு கடுமையாகும். பக்கத்துக் கட்டடத்துக்குச் செல்லும் தரவு ஓரிரு மில்லிநொடியில் ஏற்பைப் பெற்று மீண்டெழும். கடல்கடந்து செல்லும் தரவுக்கு ஒவ்வொரு மீட்சியும் நூற்றுக்கணக்கான மில்லிநொடிச் சுற்றுகளைக் கேட்கும். ஆகவே பிழை வாசற்படியில் இருக்க, அதன் வலி தொலைதூரப் பயணத்திலேயே மிகுதியாக உணரப்படும். பழி வெளியிணைப்பின் மேல் விழும். அதன் இயல்பான அடுத்த கட்டம், இன்னும் பெரிய வெளியிணைப்புக்கான கோரிக்கை. 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டானிஸ்லாவ் ஷலுனோவும் ரிச்சர்ட் கார்ல்சனும், சுவிட்சின் பதிவைப் பார்க்காமலேயே முனைக் கணினியிலிருந்து இந்த முரண்பாட்டைக் கண்டறியும் முறையொன்றை முன்வைத்தார்கள். உயர்வேகக் கல்வி வலையமைப்புகளைக் கட்டிமுடித்த நாட்டிலும், நோய் கடைசி நூறு மீட்டரில் தேடப்பட்டது.

இந்தியாவில் தேசிய அறிவு வலையமைப்பு வந்தபோது இந்தப் பொருத்தம் தலைகீழானது. முன்பு உள்ளே ஆயிரம் மடங்கு அகலம். இப்போது வெளியே கிகாபிட் கணக்கில் பாதை. முதன்முறையாக உள்கம்பியே இடுக்கமான கழுத்தாகிவிடக்கூடிய நிலை. 64 கிலோபிட் காலத்தில் எவருக்கும் தீங்கு செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய ஒரு பழைய பூட்டு, பொதுப்பணத்தில் கட்டிய பெருவழியின் பயனைக் கடைசி வாசலில் தடுத்துவிட முடியும். 5,990 கோடி ரூபாய்த் திட்டத்தின் பலன் ஒரு மாணவரின் மேசையை அடைவதும் அடையாததும், எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறாத இரண்டு வரிகளைப் பொறுத்திருக்கலாம்.

தொழில்நுட்பம் இதற்கு விடை கண்டுவிட்டது. 1999-இல் செப்புக்கம்பியில் கிகாபிட் வேகத்துக்கான 802.3ஏபி தரநிலை வந்தபோது, தானியங்கி உடன்பாடு கட்டாயமாக்கப்பட்டது. அதற்குக் காரணம் வசதி மட்டுமன்று. கிகாபிட் முறையில் நான்கு இணைகளிலும், ஒவ்வோர் இணையிலும் இரு திசைகளிலும், ஒரே நேரத்தில் குறிகை ஓடுகிறது. இரு முனைகளுள் எது கடிகாரத்தை நடத்துவது, எது பின்பற்றுவது என்பதைக்கூட முன்கூட்டிப் பேசி முடிவுசெய்ய வேண்டும். தான் அனுப்பியதன் எதிரொலியைத் தானே கணக்கிட்டுக் கழித்துவிட்டு, எஞ்சியதை எதிர்முனையின் குரலாகக் கேட்கிறது கருவி. ஷ்வெண்ட்லர் 1874-இல் செயற்கைக் கம்பியாலும் சமநிலையாலும் அணுகிய அதே சிக்கல், அதே கொள்கை. அன்று தந்திப் பணியாளர் கையால் காத்துவந்த சமநிலையை இன்று ஒரு சில்லு நொடிதோறும் காத்துவருகிறது.

எனினும், தானியங்கி முறையை நம்பாதே என்ற அறிவுரை 1998-இலேயே மறைந்துவிடவில்லை. கையேடுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் தொழில்நெறியிலும் அது நெடுங்காலம் வாழ்ந்தது. ஒரு விதி எந்த நோய்க்கு மருந்தாகப் பிறந்தது என்பதை அதனுடனேயே எழுதி வைக்காவிட்டால், நோய் போன பின்னும் மருந்து தொடரும். சில வேளை மருந்தே நோயாகும். இது வலையமைப்புக்கு மட்டும் உரிய உண்மையன்று. நிறுவனங்களின் வரலாற்றைப் படிப்போர் அனைவரும் அறிந்ததே.

இங்கே வரலாற்றாய்வுக்கு ஒரு கடமை எழுகிறது. எர்னெட்டின் திட்ட ஆவணங்களும் நிதிக் கோப்புகளும் ஓரளவேனும் எங்கோ காக்கப்படும். எந்த ஆண்டில் எந்தத் தாழ்வாரத்தில் எந்தப் போர்ட் ஏன் பூட்டப்பட்டது என்பதற்கான சான்று, அமைப்புக் கோப்புகளின் பழைய படிகளிலும், கணினி மையங்களின் பணிப்பதிவேடுகளிலும், ஓய்வுபெறும் தொழில்நுட்ப அலுவலர்களின் நினைவிலும்தான் இருக்கிறது. சுவிட்ச் கழிக்கப்படும்போது அதன் கோப்பும் அழிகிறது. பணியாளர் ஓய்வு பெறும்போது காரணமும் அவருடன் வெளியேறுகிறது. இந்திய இணையத்தின் வரலாறு தலைவர்களின், திட்டங்களின், நிறுவனங்களின் வரலாறாகவே எஞ்சிவிடக் கூடாது என்றால், வளாகங்கள் தம் வலையமைப்புப் பதிவுகளையும் ஆவணங்களாகக் கருதத் தொடங்க வேண்டும். அவற்றைப் பராமரித்தவர்களின் வாய்மொழியும் பதிவாக வேண்டும்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தபோது, அதன் கடைசி நாளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டது. மழைக்காலந்தோறும் கம்பியின் சமநிலையை மீட்டுக்கொண்டிருந்த பெயரறியாப் பணியாளர்களைப் பற்றி எழுதச் சான்றுகள் குறைவு. கல்வி வலையமைப்பின் முதல் தலைமுறைப் பணியாளர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கம்பியின் மறுமுனை மௌனமாவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.